முதல் ரைஃபிள், லைசென்ஸ், முயல் தொல்லை: எங்கிருந்து தொடங்குவது?

மேட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பக்கம் இருபது ஏக்கர் நிலம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆலிவ் கன்று முந்நூறு வைத்தோம். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், நூற்றுச் சொச்சம்தான் உயிரோடு நிற்கிறது. மீதி எல்லாம் தரையை ஒட்டி வளையம் போட்ட மாதிரி பட்டை உரிந்து காய்ந்துவிட்டது. முயல் வேலை. சாயங்காலம் வெயில் இறங்கினதும் மேட்டுச் சரிவில் உட்கார்ந்து பார்த்தால் நாற்பது ஐம்பது மேய்கிறது, பக்கத்தில் போனால் மண்ணுக்குள் போய்விடுகிறது.

பக்கத்து நிலத்துக்காரர் "ஒரு .22, அதான் சின்னத் தோட்டா ரைஃபிள், வாங்கிக்கொள், வேறு வழியில்லை" என்கிறார். நான் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதில் பாதி அமெரிக்காவில் இருப்பவர்கள் எழுதியது, இங்கே பொருந்துமா என்றே தெரியவில்லை. அதிகம் பேர் ரூகர் 10/22 என்ற மாடலை வாங்கச் சொல்கிறார்கள். லைசென்ஸ் முதலா, ரைஃபிள் முதலா? எந்த ரகம்? ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வேண்டுமா? தொழில்முறை விவசாயி இல்லை நான், வார நாட்களில் அலுவலக வேலை, அப்படிப்பட்டவனுக்கு லைசென்ஸ் தருவார்களா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் மனைவி யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். வீட்டுக்குள் துப்பாக்கி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். ஆறு வயதில் மகன் இருக்கிறான். அவளை வற்புறுத்த எனக்கு மனமில்லை, அதே சமயம் கன்றுகள் சாவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

--

பழைய வேலி எழுதியது:

தம்பி, முதலில் லைசென்ஸ். ரைஃபிளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நாடு முழுக்கச் சட்டம் மாறியது. அதிலிருந்து துப்பாக்கி வேண்டும் என்பவர் எதற்கு வேண்டும் என்று நியாயமான காரணம் காட்ட வேண்டும். தற்காப்புக்கு என்று எழுதினால் அது காரணமே இல்லை. உங்களுக்குக் காரணம் இருக்கிறது. விவசாயமே பிழைப்பாக இருப்பவர்கள் அந்தக் காரணத்தைக் காட்டுவார்கள், உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் வேட்டை என்ற காரணத்தில் விண்ணப்பிக்கிறார்கள். முயல் இங்கே பூச்சி புழுவைப் போலத் தொல்லைப் பிராணி என்ற கணக்கு, மான், வாத்து வேட்டைக்கு எடுக்கிற கேம் லைசென்ஸ் அதற்குத் தேவையில்லை. நிலம் உங்களுடையது என்பதற்கான காகிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் நிலத்தில் சுடுவதாக இருந்தால் அவருடைய அனுமதி வேண்டும், எழுத்தில் வாங்குவது நல்லது.

வரிசை இதுதான். முதலில் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். அதில் தேறின பிறகு விக்டோரியா போலீஸின் லைசென்ஸ் பிரிவுக்கு விண்ணப்பம். உங்களுக்கு வேண்டியது நீளத் துப்பாக்கிக்கான ஏ பிரிவு. லைசென்ஸ் அட்டை கைக்கு வந்தபின் கடைக்குப் போய் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஒரு துப்பாக்கிக்கு என்று தனியாக வாங்கும் அனுமதி கேட்க வேண்டும், பி.டி.ஏ. என்பார்கள். முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருப்பு. அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. தெரிந்தவரிடம் பழைய துப்பாக்கி வாங்கினாலும் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் கைமாற வேண்டும்.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், வழக்கு, குடும்ப வன்முறைத் தடையுத்தரவு எல்லாம் கேட்பார்கள். ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருடத்துக்கு முந்தைய சின்ன விஷயம்தானே என்று ஒன்றை விட்டுவிட்டார். அந்த விஷயம் அவரைப் பாதித்திருக்காது, மறைத்ததுதான் பாதித்தது.

10/22 பற்றி: அதை மறந்துவிடுங்கள். நல்ல துப்பாக்கிதான், ஆனால் அது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். இங்கே அது சி பிரிவு, விவசாயத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கே கட்டுப்பாடுகளோடு தருவது. ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளி ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .22 உங்களுக்குப் போதும். சத்தத்தை அடக்கும் சைலன்சரும் இங்கே தடை, சிறப்பு அனுமதி இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். மற்ற நாட்டு ஆட்களின் வீடியோவைப் பார்த்து எதையும் ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

--

ஒற்றைக்குழல் எழுதியது:

ரகம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆளாளுக்கு நிற்பார்கள், அதனால் .22 எல்.ஆர்., .17 எச்.எம்.ஆர். என்ற இரண்டு தோட்டா ரகத்தையும் சொந்தமாக வைத்துச் சுட்டுப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

.22 எல்.ஆர்., சாதாரணமாக .22 என்று சொல்வது, மெதுவான தோட்டா. அதிலேயே சப்சானிக் என்று ஒன்று இருக்கிறது, ஒலியின் வேகத்துக்கும் கொஞ்சம் கீழே, நொடிக்கு 320 மீட்டர் வாக்கில் போகும். சாட்டை அடித்த மாதிரி 'பட்' என்ற சத்தம் வராது. சைலன்சர் இல்லாவிட்டாலும் ஒரு முயல் விழுந்த பிறகு பத்தடி தள்ளி மேயும் இன்னொன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். தோட்டா விலையும் குறைவு, அதனால் பழகுவதற்கு மனம் கூசாமல் சுடலாம். குறை என்னவென்றால் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தால் 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கியிருக்கும். 60, 70 மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் கவலையே இல்லை.

.17 எச்.எம்.ஆர். 2002 வாக்கில் வந்தது. பொடித் தோட்டா, ஆனால் நொடிக்கு 770 மீட்டருக்கு மேல் பறக்கும். நூறு மீட்டருக்கும் அப்பால் கோடு போட்ட மாதிரி போகும். ஆனால் காற்று கொஞ்சம் வீசினாலும் தள்ளிக்கொண்டு போய்விடும், சத்தம் அதிகம், தோட்டா விலையும் கூட. கறிக்கு எடுக்க நினைத்தால் தலையில் படாத முயல் வீணாகிவிடும், உள்ளே போய்ச் சிதறிவிடுகிறது.

அந்தச் சிதறல்தான் அதன் நல்ல குணமும். .22-இன் ஈயத் தோட்டா மெதுவானது, கெட்டியானது, கல்லிலோ தண்ணீரிலோ காய்ந்த களிமண்ணிலோ பட்டால் தவளைக் கல் எறிந்த மாதிரி எகிறிப் போகும். எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு .22 தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியும் ஆளைக் காயப்படுத்தும், சின்னத் துப்பாக்கி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முயலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விரலை ட்ரிகர் மேல் வைக்கவே கூடாது. நீங்கள் மேட்டுச் சரிவில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்லது, மேலிருந்து கீழே சுட்டால் தோட்டா மண்ணுக்குள் போகும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டித் தெரிகிற முயலை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் கை துடிக்கும். விட்டுவிடுங்கள்.

என் யோசனை: போல்ட் ஆக்‌ஷன் .22 எல்.ஆர். செக் நாட்டின் சி.இசட். 457, அதற்கு முந்தைய 455, 452 எல்லாம் நன்றாக உழைக்கும், பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ், நம் நியூ சவுத் வேல்ஸ் லித்கோவில் செய்த எல்.ஏ.101 இரண்டும் நல்லவை. காசு குறைவென்றால் சாவேஜ் மார்க் 2, அதில் இடதுகைக்காரர்களுக்கும் தனியாக உண்டு. இதில் எதை எடுத்தாலும் துப்பாக்கி உங்களைவிட நேராகத்தான் சுடும். கடையில் தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடித் தோளுக்குக் கொண்டுபோய்க் கண்ணைத் திறந்தால் ஸ்கோப் முழு வட்டமாகத் தெரிய வேண்டும், கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அது உங்களுக்கான அளவு இல்லை.

ஸ்கோப் கட்டாயம் வேண்டும். 3-9x40, அதாவது மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ளது போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ஆனால் .22 போன்ற ரிம்ஃபயர் ரைஃபிளுக்கு என்று செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம், நூறு கெஜத்துக்கோ அதற்கு மேலோ வைத்திருப்பார்கள், ஐம்பதில் சுடும்போது கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறி நகர்ந்துவிடும்.

அப்புறம், ஐந்தாறு கம்பெனித் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி அட்டையில் சுட்டுப் பாருங்கள். ஒரே மாடல் இரண்டு துப்பாக்கிகூட ஒரே தோட்டாவை விரும்பாது. எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்கிச் சேருங்கள்.

--

கரிசல்மழை எழுதியது:

மேட்டுக்காடு அண்ணா, ரைஃபிள் பேச்சு முடிந்தால் நிலத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். பதினோரு வருடமாக நானும் என் வீட்டுக்காரரும் ஆடு வைத்திருக்கிறோம், முயலோடு பட்ட பாடு சொல்லி மாளாது.

சுட்டு முயலை ஒழிக்க முடியாது. நாங்கள் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தோம், ராத்திரி ராத்திரியாக. ஒரு குளிர்காலத்தில் நூற்றைம்பதுக்கு மேல் விழுந்தது, வசந்தத்தில் பார்த்தால் பழைய எண்ணிக்கையே நின்றது. பெண் முயலுக்குக் கர்ப்பம் முப்பது நாள்தான், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினைப்படும். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து வின்செல்சி பக்கம் விட்ட இரண்டு டஜன் முயலிலிருந்து பெருகினதுதான் பெரும்பாலும் இந்த நாடு முழுக்க இருப்பது, அதுவும் உங்கள் விக்டோரியாவில்தான். 1950-இல் முயலுக்கு நோய் தரும் மிக்ஸோமா வைரஸை விட்டார்கள், 1995-இல் அதே போன்ற இன்னொன்று, கலிசிவைரஸ், சோதனை நடந்த தென் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவிலிருந்து தப்பிப் பரவியது. இரண்டும் முதலில் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பிழைத்தவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்து மறுபடி பெருகிவிட்டன.

நம் ஊர் முயலை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். நம்முடையது புதரடியில் படுக்கும், வளை தோண்டாது. இது குழிமுயல். மண்ணுக்குள் அதற்கு ஒரு ஊரே இருக்கிறது. அந்த வளை இருக்கும்வரை நீங்கள் எத்தனையைச் சுட்டாலும் காலியான வீட்டுக்குப் பக்கத்து நிலத்திலிருந்து புதுக் குடும்பம் குடிவரும். அதனால் வளையை உடைக்க வேண்டும். கோடைக் கடைசியில் புல் காய்ந்து தீனி இல்லாத நேரம், இனப்பெருக்கம் நின்றிருக்கும், எண்ணிக்கை குறைவாக இருக்கும், அப்போது விஷ மருந்து வைப்பார்கள், பிண்டோன் அல்லது 1080 என்று பெயர். 1080-க்குத் தனி அனுமதி வேண்டும், நாய் இருந்தால் கிட்டவே போகாதீர்கள், மாற்று மருந்தே கிடையாது. வீட்டுப் பக்கம் பிண்டோன்தான் வைப்பார்கள், அதற்காவது வைட்டமின் கே1 உண்டு, இருந்தாலும் நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும். அப்புறம் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே டிராக்டரில் ரிப்பர் என்ற மண் கிழிக்கும் கொழுவை மாட்டி வளையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துவிட வேண்டும். ஈர மண்ணில் கிழித்தால் கட்டிகட்டியாக நின்று பொந்து மூடாது. கிழிப்பதற்கு முன் நாயை விட்டு மேலே மேய்கிறவற்றை வளைக்குள் விரட்டுவது நாங்கள் செய்வது. பூர்வகுடி மக்களின் பழைய தடயம் உள்ள இடமா, கீழே கேபிள் போகிறதா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் போய்ப் புதிதாகத் தோண்டின வாய் இருக்கிறதா என்று பார்த்து அதையும் மூட வேண்டும். உங்கள் .22-க்கு வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது, தப்பின பத்துப் பதினைந்தைப் பெருகவிடாமல் எடுப்பதற்கு.

கன்றுக்கு இன்றைக்கே வேலி போடுங்கள். 40 மில்லிமீட்டருக்கு மேல் போகாத கண்ணுள்ள கம்பி வலை, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர், அடியில் 15 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைக்க வேண்டும். நேராகப் புதைத்தால் அடியில் தோண்டி வந்துவிடும், மடித்திருந்தால் வலை மேலேயே நின்றுகொண்டு தோண்டப் பார்த்துவிட்டு விட்டுவிடும். லைசென்ஸ் கைக்கு வரும்வரை மீதிக் கன்று பிழைக்க வேண்டுமே.

பக்கத்து நிலத்துக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் தன் நிலத்தில் உள்ள முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் சட்டக் கடமை, அவருக்கும்தான். நீங்கள் உடைத்து அவர் உடைக்காவிட்டால் அவருடைய முயல் உங்களுடையதாகிவிடும்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். நானும் வன்னியிலிருந்து வந்தவள்தான். அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சத்தம்கூட இல்லை, அந்த இரும்பு எண்ணெய் வாசனை போதும். என் வீட்டுக்காரர் என்னைச் சமாதானம் செய்யவில்லை, அதுதான் நல்லதாகப் போயிற்று. ரைஃபிள் வாங்கும் முன்பே அதைப் பூட்டிவைக்கும் பெட்டியை வாங்கி மாட்டினார், வீட்டில் மாட்டவில்லை, கொட்டகையில். சட்டப்படி காலிப் பெட்டி 150 கிலோவுக்குக் குறைவென்றால் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும், தோட்டா வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும். சாவி லைசென்ஸ் இல்லாதவர் கைக்குக் கிடைக்கக் கூடாது, அதில் மனைவியும் அடக்கம். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் மகனுக்கும் தெரியக் கூடாது. என் வீட்டுக்காரர் ரைஃபிளின் போல்ட்டையும் கழற்றித் தனியாக வைப்பார், சட்டம் கேட்கவில்லை, நான் கேட்டேன். சுடப்போகும் நாளில் எனக்கு முன்கூட்டியே நேரம் சொல்லிவிடுவார். சொல்லாமல் திடீரென்று சத்தம் கேட்டது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு எனக்கு வந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

உங்கள் மனைவி வேண்டாம் என்று கடைசிவரை சொன்னால் வேண்டாம் என்றே விடுங்கள் அண்ணா. வலையும் ரிப்பரும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். மிச்சத்துக்கு லைசென்ஸ் உள்ள யாரையாவது கூப்பிடலாம்.

--

பழைய வேலி எழுதியது:

தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் சட்டத்தோடு நிறுத்திவிட்டேன், இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். பொதுச் சாலையிலோ ஊரை ஒட்டி ஆள் நடமாட்டம் உள்ள இடத்திலோ சுடுவது குற்றம். இருபது ஏக்கரில் ஒரு பக்கம் சாலை இருந்தால் அந்தப் பக்கம் பார்த்துச் சுடவே கூடாது என்று ஒரு காகிதத்தில் நிலத்தை வரைந்து, எங்கே நின்று எந்தத் திசையில் சுடலாம் என்று பகலிலேயே குறித்து வையுங்கள். வீடு, கொட்டகை, பக்கத்து ஆட்டுப்பட்டி எல்லாம் அதில் வர வேண்டும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் திசை குழம்பும், எனக்கு நாற்பது வருடப் பழக்கம், இன்னும் குழம்புகிறது. முதல் வருடம் ராத்திரி வேண்டாம். காலை மாலை வெளிச்சமே போதும்.

இன்னொன்று, உயிரைப் பற்றியது. முயலின் தலையில் தோட்டா பட வேண்டிய இடம் எலுமிச்சம்பழ அளவுதான். ஒரு எலுமிச்சை அளவு வட்டத்தை அட்டையில் வரைந்து, படுத்து, உட்கார்ந்து, கம்பத்தில் சாய்ந்து சுட்டுப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்தும் உள்ளே விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். முப்பது மீட்டர் என்றால் முப்பது மீட்டர். பின்னங்கால் உடைந்து வளைக்குள் இழுத்துக்கொண்டு போகிற முயலை ஒருதடவை பார்த்திருக்கிறேன், அதை இன்னும் மறக்க முடியவில்லை. கண் வீங்கிச் சீழ் வடிந்து பக்கத்தில் போனாலும் ஓடாமல் நிற்கிற முயல் மிக்ஸோமா வந்தது, அதற்கு உடனே சாவு கொடுப்பது புண்ணியம், கறிக்கு எடுக்காதீர்கள்.

--

மேட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். எழுதுவதற்கு முன் சிலதைச் செய்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

கரிசல்மழை தங்கச்சி, நீங்கள் எழுதினதை அப்படியே மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளே கொட்டகைக்குப் போய் எந்தச் சுவர் என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து, அந்த வகுப்புக்கு நானும் வருகிறேன், லைசென்ஸ் எடுக்க இல்லை, துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்து எப்படிக் காலி செய்வது என்று தெரிந்துவைத்துக்கொள்ள என்றாள். இரண்டு இடம் பதிவு செய்துவிட்டேன்.

வலை போன சனிக்கிழமை வந்தது. நூற்றிரண்டு கன்றில் எழுபதுக்குப் போட்டாயிற்று, நீங்கள் சொன்னபடி அடியை மடித்துப் புதைத்தோம். முதல் வரிசையில் மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வலையை ஒட்டிச் சுரண்டின தடம் இருக்கிறது, உள்ளே வரவில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசினேன். தனக்கும் வேலியோரம் மூன்று பெரிய வளை இருக்கிறது, சேர்ந்தே ரிப்பர் ஓட்டலாம் என்கிறார். பிப்ரவரி வைத்திருக்கிறோம், மண் இப்போதே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

நிலத்தை வரைந்து பார்த்தேன் பழைய வேலி அண்ணா. வடக்கில் சாலை, கிழக்கில் பக்கத்து நிலத்துக்காரர் வீடு. மிஞ்சுவது தென்மேற்குச் சரிவு ஒன்றுதான், அதுவும் நான் மேலே உட்கார்ந்தால் மட்டும். நல்லவேளை, முயல் அதிகம் மேய்வதும் அங்கேதான். ரைஃபிள் .22 எல்.ஆர். என்று முடிவு செய்துவிட்டேன், பழைய சி.இசட். 455 ஒன்று டீலரிடம் இருக்கிறது, லைசென்ஸ் வருவதற்குள் போய்விட்டால் போகட்டும்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்த மூன்று வளையில் ஒன்று பெரிய யூகலிப்டஸ் மரத்தின் வேருக்கு அடியில் இருக்கிறது. மரத்தைச் சாய்க்காமல் அதை எப்படி உடைப்பது?

--

கரிசல்மழை எழுதியது:

மர வேர் இருக்கும் இடத்தில் ரிப்பர் விடாதீர்கள், மரம் போய்விடும். அங்கே வாயெல்லாம் கண்டுபிடித்துப் புகை மருந்து போட்டு மண்ணால் அடைப்பதுதான் வழி. அந்தப் புகை மனிதருக்கும் விஷம், பழக்கப்பட்டவரை வைத்துச் செய்யுங்கள். ஒரு வாய் தப்பினாலும் பயன் இல்லை, அதனால் முந்தின நாள் எல்லா வாயையும் காய்ந்த இலை வைத்து லேசாக மூடிவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அக்காவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.